சீனாவில் கிராமக் கூட்டு நிலம் கம்பெனிக்குக் குத்தகை: விவசாயிக்கு என்ன பாதுகாப்பு?

வயல்வரப்பு:
ஒப்பீட்டு நிலச்சட்டப் பாடத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். ஹூனான் மாகாணத்தில் ஒரு நெல் கிராமம். 80 குடும்பங்கள், 400 மூ நிலம் (ஒரு மூ சுமார் 667 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினாறரை சென்ட்). 2025-இல் ஒரு கம்பெனி மொத்த நிலத்தையும் 15 வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. கிராமக் கமிட்டி கூட்டம் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானம் நிறைவேற்றி, தானே கையெழுத்துப் போடுகிறது. குத்தகைப் பணமும் கமிட்டி கணக்குக்கே போகும். நிலம் கூட்டுடைமைதானே, கமிட்டி முடிவெடுத்தால் என்ன தப்பு?

செம்மண்காடு:
கையெழுத்துதான் தப்பு. நிலத்தின் உடைமை ஊரார் எல்லோரும் சேர்ந்த கிராமக் கூட்டமைப்புக்கு. ஆனால் அந்த 400 மூவும் குடும்பங்களுக்கு ஏற்கெனவே பிரித்து ஒப்பந்தமாகியிருந்தால், ஒப்பந்த உரிமை ஒவ்வொரு குடும்பத்துடையது. கம்பெனிக்குப் போவது அதற்கும் அடுத்த மூன்றாவது உரிமை, அதாவது பயிரிட்டு நடத்தும் உரிமை மட்டும். 2018-இல் திருத்திய கிராம நில ஒப்பந்தச் சட்டம் இந்த மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாவதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. 79 பேர் கை தூக்கினாலும் எண்பதாவது குடும்பத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது.

மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேறு இடத்துக்கு உரிய விதி. குடும்பங்களுக்குப் பிரிக்காத தரிசு, குன்று போன்றவற்றை வெளியாளுக்கு ஒப்பந்தம் விடவும், வணிகக் கட்டுமான மனையைச் சந்தைக்குக் கொண்டுவரவும் அது வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது (சில சமயம் தெரிந்தே குழப்புவது) வழக்கம்தான்.

கமிட்டி நடுவில் நிற்கலாம். அதற்கு ஒவ்வொரு குடும்பமும் எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். நம் ஊர் பவர் பத்திரம் மாதிரி. எந்தக் காரியம், எவ்வளவு அதிகாரம், எத்தனை நாள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2021 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள விதிமுறை இது. குத்தகைப் பணம் குடும்பத்துடையது, இடையில் யாரும் பிடிக்கக் கூடாது. வெளிக் கம்பெனி நிலம் எடுக்கும்போது கூட்டமைப்பு அளவான நிர்வாகக் கட்டணம் வாங்கலாம். அதைக் காட்டி விவசாயியின் பணத்தில் கை வைக்க முடியாது.

நாற்றங்கால்:
கையெழுத்தைச் சரிசெய்தாலும் அந்த 15 வருடம் நிற்காது. குடும்பத்தின் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு மேல் குத்தகை விடக் கூடாது. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த இரண்டாம் சுற்று ஒப்பந்தம் பல கிராமங்களில் 1997, 98 வாக்கில் 30 வருடத்துக்குப் போட்டது. உங்கள் கிராமத்தில் 1998 என்றால் 2028 வரைதான். பிறகு இன்னொரு 30 வருட நீட்டிப்பு சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் நீட்டிப்பு குடும்பத்துக்கு, கம்பெனிக்கு அல்ல. "2028-க்குப் பின் குத்தகைத்தொகையைப் புதிதாகப் பேச வேண்டும்" என்று எழுதி வைப்பதே நல்லது.

பரப்பளவை யாரும் கவனிப்பதில்லை, சண்டை அங்கேதான் வரும். 2006-இல் விவசாய வரி ஒழிக்கப்படும் முன் வரிக்குப் பயந்து நிலத்தைக் குறைத்துக் காட்டுவார்கள், தரம் குறைந்த நிலம் இரண்டு மூவை ஒன்றாகவும் எழுதுவார்கள். பழைய ஏட்டில் 5 மூ, அளந்தால் 5.8 மூ என்று வரும். கம்பெனி பயிரிடுவது 5.8-இல், பணம் மட்டும் 5-க்கு. எந்த அளவு என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்தது வரப்பு. இயந்திரம் ஓட்ட வசதியாக முதல் வேலையே வரப்பை வெட்டித் தள்ளுவது. குத்தகை முடிந்ததும் யார் நிலம் எங்கே என்று தெரியாது. வெட்டும் முன் மூலைப் புள்ளிகளின் ஆயத்தொலைவோடு வரைபடம் இணைக்க வேண்டும். மறுபடி வரப்பு போடும் செலவு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கட்டும், அதற்கு முன்பணம் பிடித்து வையுங்கள். ஹூனான், ஹூபெய் பக்கம் நெல் வயலைச் சுற்றி அகழி வெட்டி நன்னீர்ச் சிங்கிறால் வளர்ப்பார்கள். அகழி வயல் பரப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழில்நுட்ப நெறி. "விவசாயப் பயன்பாடு" என்று மட்டும் எழுதினால் வயல் குளமாகிவிடும்.

தொகையை ரொக்கமாக 15 வருடத்துக்கு நிறுத்தாதீர்கள். மூவுக்கு இத்தனை ஜின் நெல் (ஒரு ஜின் அரைக் கிலோ), அந்த வருட அரசுக் கொள்முதல் விலைப்படி பணமாக, விதைப்புக்கு முன்பே. நிலத்தில் இறங்கும் முன் பணம்.

வயல்வரப்பு:
மிக்க நன்றி. கம்பெனி நடுவில் நொடித்துப் போனால்? நிலத்தை வங்கியில் அடமானம் வைத்திருந்தால்?

கண்மாய்க்கரை:
நொடித்துப் போவதை மட்டும் கேட்டால் போதாது, குத்தகை பாக்கி வைத்தாலோ, இரண்டு வருடம் தொடர்ந்து தரிசு போட்டாலோ, விவசாயப் பயன்பாட்டை மாற்றினாலோ, மண்ணைப் பாழாக்கினாலோ என்ன என்று கேட்க வேண்டும். கடைசி மூன்றும் சட்டம் பெயர் சொல்லும் காரணங்கள், குடும்பமே ஒப்பந்தத்தை முறிக்கலாம். குடும்பம் சும்மா இருந்தால் கூட்டமைப்பு முடித்துவைக்கக் கோரலாம். கமிட்டிக்கு உண்மையான வேலை இங்கேதான். பாக்கியோ "கடுமையான மீறல்" என்ற பொதுத் தலைப்பில் வரும். எத்தனை நாள் தாமதமானால் மீறல் என்று எழுதாவிட்டால் வழக்கு இழுக்கும்.

அடமானத்துக்கும் உள்குத்தகைக்கும் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும், கூட்டமைப்பில் பதிவும் வேண்டும். ஒப்பந்தக் கட்டோடு கட்டாக அந்தச் சம்மதத் தாளையும் வைத்து ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், அதைத் தனியாகப் பிரித்துப் படிக்கணும். வங்கி பிடித்தாலும் கம்பெனியின் நடத்தும் உரிமைதான் போகும், குடும்பத்தின் ஒப்பந்த உரிமை போகாது.

தகராறு வந்தால் கமிட்டியிலோ வட்டார அரசிலோ சமரசம் பேசலாம், நில ஒப்பந்த நடுவர் குழுவுக்குப் போகலாம், நேராக நீதிமன்றமும் ஏறலாம். நடுவர் குழுவில் கட்டணம் கிடையாது, ஆனால் பாதிப்பு தெரிந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

உங்கள் கணக்கில் பெண்களைக் காணோம். உரிமைச் சான்றிதழில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் போதாது, உரிமையுள்ள எல்லா உறுப்பினர் பெயரும் வர வேண்டும். கல்யாணமாகி வேறு ஊர் போனவளுக்குப் புகுந்த ஊரில் நிலம் கிடைக்காதவரை பிறந்த ஊர் நிலத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது. மணமுறிவுக்கும் கைம்மைக்கும் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு. அவள் பங்குக்கான குத்தகைப் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பட்டியலில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்.