ரெக்கனைசன்ஸ்: உளவா, வேவா?

> 27ஆம் லான்சர்ஸ் கட்டுரையில் ‘உளவுப் படையணி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஐயா, வணக்கம்.

கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. ரெக்கனைசன்ஸ், அதாவது முன்னே போய் எதிரியின் நிலையைப் பார்த்து வரும் வேலை, அதற்கு ‘உளவு’ மட்டும் வேண்டாம். மாறுவேடம் போடாமல் எதிரியின் பகுதிக்குள் புகுந்து செய்தி திரட்டும் படைவீரரை உளவாளியாகக் கருதக் கூடாது என்று போர் நடத்தும் முறை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1907 ஹேக் விதிகளின் 29ஆம் பிரிவு சொல்கிறது. சீருடையோடு பிடிபட்டால் அவர் போர்க்கைதி. உளவாளிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருவரின் உயிரே தொங்கும் வேறுபாட்டை நாம் ஒரே சொல்லில் அழித்துவிடக் கூடாது.

27ஆம் லான்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் படையணி 1941இல், இரண்டாம் உலகப் போரின்போது, 12ஆம் லான்சர்ஸிலிருந்து வந்த சிலரைக் கருவாக வைத்துத் தொடங்கிய அணி, 1945இல் கலைத்துவிட்டார்கள். லான்சர்ஸ் என்றால் ஈட்டி ஏந்திய குதிரைவீரர். பேர்தான் ஈட்டிக்காரர், போனதெல்லாம் கவசக் காரில். 1944 கடைசியில் இத்தாலியின் ரவென்னா பக்கம் இவர்களுடைய தளபதி ஹோர்ஸ்பரா-போர்ட்டரின் பெயரால் ‘போர்ட்டர்ஃபோர்ஸ்’ என்ற கலப்புப் படை அமைந்தது. இத்தாலிய கெரில்லாக்களும் அதனோடு சேர்ந்து போரிட்டார்கள்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் வேவு அணிகள் ஓட்டிய டைம்லர் கவசக் காரைப் பாருங்கள். பின்பக்கம் பார்த்து ஓட்ட இன்னொரு ஸ்டியரிங் உண்டு. ஐந்து கியரும் ரிவர்ஸிலும் விழும். குறுகலான சாலையில் எதிரி சுட ஆரம்பித்தால் வண்டியைத் திருப்ப இடம் தேட வேண்டாம். வந்த வழியே பின்னோக்கி விரட்டிவிடலாம். போய்ப் பார்த்து, உயிரோடு திரும்பி, கண்டதைச் சொல்வதுதான் இவர்கள் வேலை. வண்டியே அதைச் சொல்கிறது.

இதற்கு ‘வேவு’ பொருந்தும். தொல்காப்பியத்தில் எதிரியின் ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித்திணையில் ‘வேய்’ என்றே ஒரு துறை இருக்கிறது: ஒற்றி அறிந்து வந்த செய்தி. ஈழத்து இதழ்களில் ‘வேவு விமானம்’ வெகு சாதாரணம். பக்கத்து வீட்டை வேவு பார்ப்பதாகவும் பேசுகிறோம், உண்மைதான். ஆனால் வேவில் முன்னே நிற்பது பார்வை. உளவாளி என்றதும் மனதில் வருவது வேஷம். தூசிப்படையையும் யோசித்தேன். அருமையான பழஞ்சொல், ஆனால் அது முன்னே போய் மோதும் படை.

ஆகவே ‘வேவுப் படையணி’ என்று போடுங்கள். லான்சர்ஸ் பெயர்ச்சொல், அப்படியே இருக்கட்டும். அப்புறம், படைப்பிரிவைக் குறிக்கும் ஸ்குவாட்ரன் என்ற சொல்லுக்குத் தமிழ் இன்னும் இடிக்கிறது. விமானப்படைக்கும் குதிரைப்படை வழிவந்த அணிக்கும் ஒரே சொல் போதுமா? குழுவில் யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.