புதுப்பிப்பு: எடை குறைந்தபின் தோல் தொங்குமோ என்ற பயம்

118 கிலோவிலிருந்து 81-க்கு இறங்கியாயிற்று, வயிற்றுத் தோல் தொங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, இதோடு நிறுத்திவிடலாமா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இப்போது 76. கைகொடுத்தது, "கிரீமில் காசைக் கொட்டாதீர்கள், பளு தூக்குங்கள், ஒரு வருஷம் பொறுங்கள்" என்ற யோசனைதான். (அதற்குள் இரண்டு டப்பா வாங்கியிருந்தேன். ஒரு பலனும் இல்லை.) வாரம் மூன்று நாள் பளு, தினமும் முட்டை, சுண்டல். கையும் தோளும் நிரம்பிவிட்டன. அடிவயிற்றில் மட்டும் ஒரு பிடி தோல் அப்படியே இருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாமல் அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, இருக்கட்டும்.

எதிர்பாராத ஒன்று: சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வியர்த்து, சிவந்து, ஒரே அரிப்பு. பூஞ்சைத் தொற்றாம். மருந்து தடவி, குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஈரம் போகத் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது.

அப்புறம், குறுக்குத்துறைப் படித்துறையில் சட்டையைக் கழற்ற ஆறு மாதமாகத் தயங்கினேன். போன ஞாயிறு ஆற்றில் இறங்கிவிட்டேன். பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "எய்யா, அந்தச் சோப்ப இங்க எடுத்துப் போடு" என்றதோடு சரி.