பாலர்பள்ளியில் டேப்லெட்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாலர்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

டேப்லெட்டில் எழுத்து எழுதிப் பழகும் செயலியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். புள்ளிமேல் விரலை இழுத்தால் நிறம் மாறும், மணி அடிக்கும், நட்சத்திரம் விழும். என் வகுப்பில் 5 வயதுப் பையன் ஒருவன் உயிரெழுத்து 12-ஐயும் அதில் முடித்துவிட்டான். போன வாரம் தாளும் பென்சிலும் கொடுத்தேன். 'அ'வை வலப்பக்கக் கோட்டில் தொடங்கி, கடைசியில் சுழிக்கு வந்தான். அதைத் திருத்திவிடலாம், பரவாயில்லை. ஆனால் எழுதி முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடிக்கவில்லை. "டீச்சர், தப்பா?" என்றான். "சரிடா கண்ணு, நல்லா எழுதியிருக்க" என்றேன். நம்பவில்லை, முழுவதையும் அழித்துவிட்டான். நான் பக்கத்திலேயே இருந்தும் என் சொல் அவனுக்குப் போதவில்லை. அதுதான் உறுத்துகிறது.

தோட்டத்தில் இருக்கும் அம்மா

எனக்கு நடந்தது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். சாயங்காலம் வந்ததும் மாரியம்மன் கோவில் பக்கம் போனால்தான் லைன் கிடைக்கும். டீச்சர் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்புவார். "வணக்கம் மாணவர்களே" என்று தொடங்குவார். என் மகள் எழுந்து நின்று, கை கூப்பி, "வணக்கம் டீச்சர்" என்பாள். டீச்சர் தன்பாட்டுக்குப் பாடத்துக்குப் போய்விடுவார். இவள் பதிவை நிறுத்தச் சொல்வாள், மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வாள். தன் வணக்கம் டீச்சர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்வாள். 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சு டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது, அதையும் போட்டுக் காட்டினேன். அது அவளுக்கு யாரோ ஒருவர் பேசுவது, அவ்வளவுதான். அவள் கேட்டது அவளுடைய டீச்சரை.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்

என் பேத்தியும் அந்த மணிச் செயலியில்தான் எழுதுகிறாள். பென்சில் பிடித்தால் கை வலிக்கிறது என்கிறாள்.

முதலில் எழுதிய ஆசிரியைக்குச் சொல்கிறேன் அம்மா, செயலியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடிமேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தமே தேவையில்லை. பென்சிலுக்கு மூன்று விரலும் மணிக்கட்டும் சேர்ந்து உழைக்க வேண்டும். தட்டில் மணல் பரப்பி எழுதவிடுங்கள். மாவு பிசையக் கொடுங்கள், துணிக் கிளிப்பைத் திறந்து மூட விடுங்கள், பழைய நாளிதழைக் கையால் கிழிக்கச் சொல்லுங்கள். காலையில் வாசலில் கோலப்பொடி கொடுத்துப் பாருங்கள், சுழி தானாக வரும். எழுத்தைக் காற்றில் பெரிதாக, தோளிலிருந்து கையை வீசி எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பெரிய கட்டம், அதற்கப்புறம்தான் கோட்டுத்தாள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது: 3, 4 வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாடுவதற்கு 180 நிமிடம் வேண்டும். பெற்றோரையும் கூப்பிட்டு இதை விளக்குங்கள்.

பாலர்பள்ளி உதவியாளர்

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். அந்த வழிகாட்டி 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. அரசாங்கப் பாலர்பள்ளியில் 6 வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2017-இல் திருத்திய பாலர்பள்ளிக் கலைத்திட்டத்திலேயே 6 கூறுகளில் அறிவியலும் தொழில்நுட்பமும் ஒன்றாக இருந்தது. அதை மூடிவைக்க முடியாது. மணல் தட்டு எங்களிடமும் இருக்கிறது. ஆசிரியை கேட்டது எழுதும் முறையைப் பற்றியே இல்லை, அந்தப் பையன் யாருடைய பாராட்டை நம்புகிறான் என்பதைப் பற்றி.

எங்கள் வகுப்பில் தவளையின் வளர்ச்சியைக் காணொளியில் காட்டினார்கள். முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைக்கிறது, வால் மறைகிறது, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். மழை விட்டதும் பின்பக்கக் கால்வாயில் தலைப்பிரட்டை பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் வைத்தோம். ஒரு பெண்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் எழுந்துவரவே இல்லை, போத்தல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால், "இப்ப கால் வரும், நான் பாக்கணும்" என்கிறாள். வேகமாக ஓட்டிய காணொளி என்று அவளுக்கு யார் சொன்னது? தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒருத்தன் காரணம் சொன்னான். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

அப்புறம் அதே டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தோம். தினமும் காலையில் ஒரு படம் எடுக்க வேண்டும், அது அவள் வேலை. தண்ணீர் மாற்றுவதும் வேகவைத்த கீரை போடுவதும் மற்றவர்கள். வாரக்கணக்கில் போயிற்று. பின்னங்கால் தெரிந்த அன்று முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வகுப்புக்கே அவள்தான் விளக்கினாள். காணொளியைவிட அவள் எடுத்த மங்கலான படங்களைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கருவி ஒன்றேதான் ஐயா. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்ததா, அதை வைத்து ஒன்றைச் செய்ததா என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

லாரி ஓட்டும் அப்பா

என் மகன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வீட்டில் பேசுவான், ஆனால் பாதி எழுத்து வாயில் சரியாக வராது. அவன் டீச்சர் குரலைப் பதிவு செய்ய வைத்துவிட்டு, அவனை மட்டும் மூலையில் உட்கார வைத்து, செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை எப்படி லாரியில் ஏறுகிறது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். என்னோடு வந்து பார்த்திருக்கிறான், அதனால் தெரியும். பேசினான். தன் குரலைக் கேட்டதும், "இன்னொரு தடவை, நான் சரியா சொல்றேன்" என்று அவனே கேட்டானாம். டீச்சர் இரண்டு பதிவையும் எனக்கு அனுப்பினார். இரண்டாவதில் 'ர' வருகிறது.

பேச்சுப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள். ஈப்போ பக்கம் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.