கூட்டிலிருந்து வந்தது வண்ணத்துப்பூச்சி இல்லை: சின்ன வயதுச் சாகசங்கள், நான்கு பேர் எழுதிய சில அனுபவங்கள்

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாராவாரம் கதை வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் கேட்பது எப்போதும் சாகசக் கதைதான். காடு இருக்க வேண்டும், வழி தவற வேண்டும், பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கூடவே ஒரு நண்பனோ தோழியோ கட்டாயம் வேண்டும். நடுவில் அந்த நட்புக்குள் ஒரு சண்டை வர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் முகம் சுருங்கிவிடும். அவர்கள் கேட்பது நியாயம்தான். வீட்டில் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்த பிள்ளை, தன் கண்ணால் பார்த்ததை நம்பத் தொடங்குகிற வயது அது. பார்த்தது சரிதானா என்று கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் இரண்டு சிறுமிகள். ஒருத்தி எதைக் கண்டாலும் வரைவாள், மற்றவள் எதைக் கண்டாலும் கேள்வி கேட்பாள். ஓவியக்காரி, கேள்விக்காரி என்றே இங்கே சொல்கிறேன். இருவரும் ஒட்டியே உட்காருவார்கள். ஒருநாள் எலுமிச்சைச் செடி இலை ஒன்றில் பறவை எச்சம் கிடக்கிறது என்று ஓவியக்காரி முகம் சுளித்தாள். கேள்விக்காரி குனிந்து பார்த்துவிட்டு, "எச்சம் எங்கயாவது இலையைத் தின்னுமா?" என்றாள்.

அது எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. பழுப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாத எச்சம் போலவே பளபளக்கும். பறவைகள் அதைச் சீண்டாமல் போவதற்குத்தான் அந்த வேஷம். செடியோடு வைத்து வளர்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு முறை தோலுரித்தபோதும் ஓவியக்காரி ஒரு படம் போட்டாள். நான்காவது முறை உரித்ததும் எச்ச வேஷம் கலைந்து, புழு இலைப் பச்சையாகிவிட்டது. கேள்விக்காரி ஒரு புல் நுனியால் அதன் முதுகைத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டை போல் பிரிந்த ஒரு கொம்பு வெளியே வந்தது. கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. இருவரும் கத்திய கத்தலில் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். கொம்பு மெதுவாக உள்ளே போனது. "இன்னொரு தடவை?" என்று ஒருவன் கேட்டான். "வேணாம், அதுக்குப் பயமா இருக்கும்" என்று கேள்விக்காரியே தடுத்தாள்.

பிறகு புழு தின்பதை நிறுத்திவிட்டுக் குச்சியில் ஏறியது. வால் நுனியைப் பட்டில் பதித்து, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்தது. மறுநாள் பார்த்தால் கூட்டுப்புழு. இறக்கை விரியும் நாளுக்காக ஓவியக்காரி ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையில் ஒரு செம்புள்ளி என்று பென்சிலால் முன்கூட்டியே குறித்தும் வைத்திருந்தாள்.

அந்தக் கூடு விரியவில்லை. நாளாக ஆக நிறம் மங்கிப் பழுப்பேறியது. தொட்டாலும் நெளியவில்லை. ஒரு காலையில் அதன் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியே கரும்பச்சையாக மினுங்கும் பொடிக் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. எறும்பை விடச் சின்னவை. ஒன்று வெளியே வந்து உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டு பறக்கும், உடனே அடுத்ததன் தலை தெரியும்.

ஓவியக்காரி அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. குச்சியை ஒடித்து எல்லாவற்றையும் நசுக்கப் போனாள். கேள்விக்காரி அவள் கையைப் பிடித்துவிட்டாள். "இதுங்க என்ன பண்ணிச்சு? இதுங்களும் இப்பதான் பிறக்குது." அதற்குப் பதிலாக வந்தது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்கக்கூடிய மிகக் கடினமான கேள்வி. "அது செத்ததுல உனக்கு சந்தோஷமா?"

அடுத்த சில வாரங்கள் இருவரும் அறையின் இரு மூலைகளில் உட்கார்ந்தார்கள். சமாதானம் செய்யச் சொல்லி மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் அதில் நுழையவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் பொதுவாகச் சொன்னேன். தாய்க் குளவி, புழு கூட்டுப்புழுவாக மாறப் போகும் நேரத்தில் பக்கத்திலேயே காத்திருக்கும். புதிய தோல் இறுகுவதற்குள் ஊசி போன்ற உறுப்பால் குத்தி உள்ளே முட்டையிடும். அதன் குஞ்சுகளுக்கு அதைத் தவிர வேறு உணவு கிடையாது. இலையைத் தின்னும் புழுக்கள் எல்லையில்லாமல் பெருகாமல் இருப்பதில் இந்தப் பொடிக் குளவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டேன்.

அவர்களைச் சேர்த்து வைத்தது அந்த ஒதுக்கிய பக்கம்தான். நோட்டில் அது காலியாகவே இருந்தது. ஒருநாள் ஓவியக்காரி அதில் குளவியை வரைய ஆரம்பித்தாள், பாதியில் நின்றாள். எழுந்து நேராக எதிர் மூலைக்குப் போனாள். "அதோட உணர்கொம்பு வளைஞ்சு இருந்துச்சா, நேரா இருந்துச்சா?" என்று கேட்டாள். கேள்விக்காரி உடனே பதில் சொல்லியிருக்கலாம், அவள்தான் அத்தனை நேரம் உற்றுப் பார்த்தவள். அவளோ பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, "வா, செடியில இன்னும் சுத்துதான்னு பார்க்கலாம்" என்றாள்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கான கதைகளில் அந்த இடத்தில் ஒரு நீண்ட உரையாடல் வைக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்த வயதில் நட்பு மறுபடி ஒட்டுவது, சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கும்போதுதான்.

* * *

மேலே இருக்கும் குளவி அனுபவத்தைப் படித்ததும் எனக்கு என் ஆட்காட்டிக் குருவி நினைவு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டுப் பையன் என் வகுப்புதான், ஆனால் யாரோடும் பேசமாட்டான். விளையாடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். ஒருநாள் பொட்டல் வெளியில் பந்து எடுக்கப் போனேன். ஒரு ஆட்காட்டி என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தது. நான் ஓடப் பார்த்தேன். எங்கிருந்தோ அவன் குரல்: "காலை அசைக்காதே!"

என் பாதத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையில் லேசான பள்ளம், சுற்றிச் சில கூழாங்கற்கள். முட்டைகளும் கல் நிறத்திலேயே கறுப்புத் தீற்றல்களோடு இருந்தன. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் மிதித்தே போயிருப்பேன். அவன் பல நாளாக அதைத் தூரத்திலிருந்து காவல் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முட்டை பொரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அவ்வளவு நாளும் அது எங்கள் இருவரின் ரகசியம். மற்றவர்கள் பந்து விளையாட வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவது என் வேலை. வாய் என்னுடையது, கண் அவனுடையது. வெயில் உச்சியில் ஏறும்போது தாய் பறந்து போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதை எனக்குக் காட்டியது அவன்தான். அடைகாப்பது என்றால் சூடேற்றுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வெயில் காலத்தில் அந்தப் பறவைக்கு முட்டையைக் குளிர வைப்பதும் அதே அளவு பெரிய வேலை.

குஞ்சுகள் பொரிந்த அன்றே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டன. தாய் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், நான்கும் இருந்த இடத்தில் அப்படியே பதுங்கிவிடும். கண் முன்னால் ஓடியது எங்கே போயிற்று என்று தெரியாது. அன்றுதான் அவன் சத்தமாகச் சிரித்து முதல் முறை கேட்டேன். பேசாத பிள்ளைக்கு உலகத்தில் ஆர்வமில்லை என்று பெரியவர்கள் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்றும் கோபம் வரும்.

* * *

மூன்றாவதாக எழுதுகிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு இருட்டென்றால் பயம். பத்து வயதில், இரவு நடைக்குப் போன பிள்ளைகள் கூட்டத்தில் நான் மட்டும் டார்ச்சை அணைக்க மறுத்தேன். கூட வந்த தோழி கேலி செய்யவில்லை. டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு புல்வெளியைப் பார்க்கச் சொன்னாள். புல் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பொட்டுகள் மினுங்கின. பனித்துளி என்றேன். ஒரு பொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து போய்ப் பார்த்தோம். ஓநாய்ச் சிலந்தி. அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு, பூனைக்கு இருக்கிற மாதிரி. அதனால் வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்த பொட்டு ஒன்றாக இல்லாமல் பொடிப்பொடியாகச் சிதறி மினுங்கியது. கிட்டப் போனால் தாய்ச் சிலந்தி, முதுகு நிறையக் குஞ்சுகள். ஒவ்வொரு குஞ்சின் கண்ணும் தனித்தனியாக மின்னியது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தோமோ தெரியாது. பிறகு அவள் கேட்காமலே நான் டார்ச்சை அணைத்தேன். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்று கூட வந்த அக்கா சொல்லியிருந்தார். அவ்வளவு நேரம் தோழியின் கை என் கைக்குள்தான் இருந்தது. பயம் அன்றோடு போய்விடவில்லை. ஆனால் இருட்டில் பார்க்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் பயத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

* * *

என் அனுபவமும் ஒன்று. பள்ளியில் படிக்கும்போது எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். எங்கள் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி எங்களுக்குத் தெரியாது. இடைவேளையில் சுவரோரம் தனியாகக் குந்தியிருப்பான். அந்தச் சுவரோர மணலில், குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியின் குழிகள் நிறைய. நான் போய் ஒரு புல்லை விட்டுக் கிளறினேன். எறும்பு விழுந்ததென்று நினைத்துக் குழியானை உள்ளிருந்து மணலை வாரி இறைத்தது. அவன் என் கையிலிருந்து புல்லை வாங்கிக்கொண்டு, என்னை விட லாகவமாக மணலோடு சேர்த்து அதை அள்ளி உள்ளங்கையில் வைத்தான். அது பின்னாலேயே நடந்தது. குழியானைக்கு முன்னால் நடக்கத் தெரியாது. அவன் எழுந்து நின்று அதைப் போலவே பின்னால் நடந்து காட்டினான், நானும் நடந்தேன். மணி அடித்ததும் இருவருமாக அதை மணலில் விட்டோம். அதுவும் பின்னாலேயே போய்ப் புதைந்தது. இப்போதும் நாங்கள் நண்பர்கள். அந்தப் பூச்சி வளர்ந்தால் தட்டான் போல இறக்கை முளைத்துப் பறக்கும் என்று பல வருடம் கழித்து அவன்தான் எனக்குச் சொன்னான்.

* * *

முதலில் குளவி அனுபவத்தை எழுதியவள்தான் மறுபடி எழுதுகிறேன். கூட்டுப்புழுவுக்குள் குளவி இருக்கிறதா என்று முன்பே தெரிந்துகொள்ள முடியுமா என்று அதைப் படித்தவர்கள் கேட்டிருந்தீர்கள். ஓரளவு முடியும். நல்ல கூட்டுப்புழுவை மெதுவாகத் தொட்டால் வயிற்றுப் பக்கம் நெளியும். விரிவதற்கு முந்தைய நாள் தோல் கண்ணாடி போலாகி உள்ளே இறக்கையின் நிறம் தெரியும். குளவி புகுந்தது நெளியாது, மங்கலான பழுப்பாகும், இறக்கைக் கோலம் தெரியாது. தடுக்க வேண்டுமானால், புழு குச்சியில் ஏறும் முன்பே மிக மெல்லிய வலைத்துணியால் மூட வேண்டும். கொசுவலைக் கண் இந்தக் குளவிக்கு மிகப் பெரியது.

இதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். எலுமிச்சையில் மறுபடி புழுக்கள் வந்திருக்கின்றன. ஓவியக்காரி வலைத்துணி கொண்டு வந்து பாதிச் செடியை மூடினாள். கேள்விக்காரி மீதிப் பாதியைத் திறந்தே விடச் சொன்னாள். அதுவரை சண்டையில்லை. நடுக்கிளையில் இருக்கும் ஒரே ஒரு புழு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில்தான் இப்போது வழக்கு நடக்கிறது. போன வாரம் கதைக்கு நேரமே கிடைக்கவில்லை.