மறுமொழி: 'பண்ட்டர்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> பண்ட்டர் = சூதாடி. பழகிய சொல் இருக்கப் புதிது எதற்கு?

வணக்கம் ஐயா. பண்ட்டர் என்பது குதிரைப் பந்தயம் போன்றவற்றில் பணம் கட்டுபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். சூதாடி என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருப்பவரையும் குறிக்கும். பண்ட்டர் அப்படியல்ல, பணத்தை ஏற்க எதிரே ஒரு தரப்பு இருக்க வேண்டும். சொல்லின் பிறப்பிலேயே இது இருக்கிறது. ஃபேரோ, பாசெட் போன்ற சீட்டாட்டங்களில் எல்லாருடைய பணத்தையும் ஏற்று, அதாவது 'வங்கி' வைத்து, ஆட்டம் நடத்துபவருக்கு எதிராகப் பணம் வைப்பதைப் பிரெஞ்சில் 'பொன்ட்டே' என்றார்கள். அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தவர்தான் பண்ட்டர். பாக்கரா என்ற சீட்டாட்டத்தின் ஒரு வகைக்கு இன்றும் 'புன்ட்டோ பாங்கோ' என்றே பெயர். புன்ட்டோ ஆடுபவர் பக்கம், பாங்கோ வங்கிப் பக்கம்.

இன்னொன்று. தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டுக் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த ஆட்டமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, கிண்டிப் பந்தயத் திடலில் பணம் கட்டியவரைச் சூதாடி என்று நம் கலைச்சொல் பட்டியல் எழுதலாமா? 'வேண்டற்க வென்றிடினும் சூதினை' என்ற குறள்தான் என் கட்சியும். ஆனால் நம் வெறுப்பைக் கலைச்சொல்லின் மேல் ஏற்றக்கூடாது.

> பந்தயக்காரர்? பந்தயதாரர்?

பந்தயம் என்பது போட்டியையும் குறிக்கும், கட்டும் பணத்தையும் குறிக்கும். பந்தயக்காரர் என்றால் குதிரையை ஓட்டும் ஜாக்கியா, குதிரைச் சொந்தக்காரரா என்ற குழப்பம் வரும். பந்தயதாரர், ஏலதாரர் போல எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தயப் பணத்தை ஏற்கும் புக்கியையும் அப்படியே அழைக்கலாமே!

> பழஞ்சொல் 'ஒட்டம்' உண்டே?

எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் குதிரையைப் பற்றி எழுதும்போது 'ஓட்டம்' வராமல் இருக்காது. ஒரு நெடில் தவறினால் பொருளே மாறிவிடும்.

மக்கள் வாயில் இருக்கும் வினை 'கட்டுவது'. "எந்தக் குதிரை மேல கட்டின?" என்றுதான் கேட்கிறோம். ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் 'பந்தயங்கட்டுநர்' என்று வைக்கலாம். புக்கிக்குப் 'பந்தய ஏற்பாளர்'. கட்டுபவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர் என்று இரண்டும் இணையாக நிற்கும். வெறும் 'கட்டுநர்' வீடு கட்டுபவரையும் குறிப்பதால் முன்னொட்டை விடக்கூடாது. பிரிட்டனில் கடைக்கு வருபவரையும் பண்ட்டர் என்பார்கள். அங்கே வாடிக்கையாளர் போதும்.

'டோட்' முறையில் புக்கி இல்லை. எல்லார் பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, கழிவு போக வென்றவர்களுக்குப் பிரிகிறது. அதற்குத் 'தொகுப்புப் பந்தயம்' சரிவருமா என்று பந்தயத் திடலை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.