புதுப்பிப்பு: மார்கழி விடியலில் மகளை எழுப்பலாமா?

ஆறு வயது மகளை மார்கழி விடியலில் எழுப்பித் திருப்பாவை சொல்ல வைத்தால் பக்தி வளருமா, வெறுப்பு வளருமா என்று மாதத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். வற்புறுத்த வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடி, மாமியாரும் நானும் மட்டும் நாளுக்கொரு பாசுரமாக 30 பாசுரங்களையும் பாடினோம். முதல் ஐந்து நாள் அவள் எழவேயில்லை. தோழியரை ஆண்டாள் எழுப்பும் 6ஆம் பாசுரத்தை மாமியார் விளக்கியபோது, "அவங்க ஃப்ரெண்ட்ஸும் தூங்கிட்டே இருந்தாங்களா பாட்டி?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது, பூசையை நிறுத்திவிட்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மறுநாளிலிருந்து அவளும் வந்து உட்கார்ந்தாள். மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று, 27ஆம் பாசுரத்தில் வருவதுபோலவே, அக்காரவடிசிலின் (பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்த இனிப்புப் பொங்கல்) நெய் முழங்கை வரை வழிய, "பாட்டி, சரியா வழியுதா?" என்று கையை உயர்த்திக் காட்டினாள். தை பிறந்த பின்னும் விளக்கேற்றும் நேரத்தில் அவளாகவே வருகிறாள்.