1381 எழுச்சி: குடியானவர்கள் எதிர்த்தது மதத்தையா, மடத்தையா?

முதுகலை மாணவன்:

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். இடைக்கால ஐரோப்பா தாளில் ஓர் இடம் பிடிபடவில்லை. எங்கள் பாடக் குறிப்பில் உள்ளது இவ்வளவுதான்: கொள்ளைநோய் வந்தது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது, நிலமானிய முறை சரிந்தது, திருச்சபையின் பிடி தளர்ந்தது.

ஆனால் 1381-இல் இங்கிலாந்தில் எழுந்த குடியானவர்கள் காண்டர்பரி பேராயரின் தலையையே வெட்டியிருக்கிறார்கள். அதே கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்த ஜான் பால் ஒரு பாதிரியார். அப்படியானால் அவர்கள் மதத்தை எதிர்த்தவர்களா, மதத்துக்குள் நின்றவர்களா? யாராவது ஓர் ஊரை வைத்து விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஏடகம்:

தம்பி, ஒரே ஊர் போதும் என்றால் செயின்ட் ஆல்பன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பெடுத்த காலம் முழுக்க நிலமானிய முறையை இந்த ஊரை வைத்துத்தான் நடத்தினேன்.

லண்டனுக்கு வடக்கே இருக்கிறது. பிரிட்டனில் மதத்துக்காக உயிர்நீத்த முதல் வேதசாட்சி என்று போற்றப்படும் புனித ஆல்பனின் பெயரால் எழுந்த பெனடிக்டின் துறவிகளின் மடம் அங்கே இருந்தது. அந்த ஊருக்கு நிலப்பிரபு யார்? மடாதிபதிதான். சந்தை அவருடையது, நீதிமன்றம் அவருடையது, சிறையும் அவருடையது. குளத்து மீனும் காட்டு முயலும்கூட அவருடையவை. ஊரார் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை மடத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நெய்த கம்பளித் துணியைப் பதப்படுத்துவதும் மடத்தின் ஆலையில்தான். வீட்டில் கைத்திருகை வைத்து மாவரைத்தால் அது மடத்தின் உரிமையில் கைவைத்த குற்றம்.

இந்தச் சண்டை கொள்ளைநோய்க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1274-இல் அரசி எலினோர் ஊருக்கு வந்தபோது பெண்கள் திரண்டுபோய் மடாதிபதிமேல் முறையிட்டார்கள். 1327-இல் ஊரார் மடத்தையே முற்றுகையிட்டு உரிமைப் பட்டயம் வாங்கினார்கள், வீடுகளில் திருகைகள் வைத்துக்கொண்டார்கள். அடுத்து மடாதிபதியானவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட். கொல்லர் மகன், பெரிய கணித மேதை, கோள்களின் நகர்வைக் காட்டும் வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர், தொழுநோயோடு மடத்தை ஆண்டவர். அவ்வளவு அறிவும் உழைப்பும் உள்ள மனிதர்தான் ஊராரின் பட்டயத்தைத் திரும்பப் பிடுங்கினார். வீடுகளிலிருந்து திருகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்தின் பேச்சறைத் தரையில் பதித்தார். தங்கள் வீட்டுக் கல் துறவிகளின் காலடியில் கிடக்கிறது என்பது ஊரார் அத்தனை பேருக்கும் தெரியும். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கற்கள் அங்கேயே கிடந்தன.

நடுவில் 1348–49-இல் கொள்ளைநோய். இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செத்தார்கள். இந்த மடத்திலேயே மடாதிபதியும் நாற்பதுக்கு மேற்பட்ட துறவிகளும் மாண்டார்கள். பிழைத்திருந்த உழைப்பாளி கூடுதல் கூலி கேட்டான். நாடாளுமன்றமோ 1351-இல் தொழிலாளர் சட்டம் போட்டு, கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிக்குமேல் வாங்கினால் தண்டனை என்றது. அதன்மேல் தலைவரி: 1377-இல் தலைக்கு 4 பென்ஸ், 1379-இல் தகுதிக்கேற்ப, 1380-இல் 15 வயதைக் கடந்த எல்லோருக்கும் 12 பென்ஸ் கணக்கில். கூலிக்காரனுக்கு அது பல நாள் சம்பளம். 1381 மே கடைசியில் எசெக்ஸில் பிரெண்ட்வுட்டில் கிளர்ச்சித் தீ பற்றியது, ஜூன் 13-இல் கூட்டம் லண்டனுக்குள் நுழைந்தது.

இப்போது உங்கள் பேராயர். சைமன் சட்பரி காண்டர்பரி பேராயர் மட்டுமல்ல, அரசின் தலைமை அமைச்சரான சான்சலரும் அவரே. அவரோடு தலை போன ராபர்ட் ஹேல்ஸ், புனித யோவான் துறவு வீரர் சபையின் இங்கிலாந்துத் தலைவர், அரசின் பொருளாளரும்கூட. வரி போட்டவனையும் வசூலித்தவனையும் தேடிப் போனார்கள். அந்த ஆட்கள் அங்கி உடுத்தியவர்களாக இருந்தார்கள். நிலமானிய ஐரோப்பாவில் ஆட்சிக் கையையும் ஆசீர்வதிக்கும் கையையும் பிரித்தெடுக்க முடியாது என்பதை இந்த இரண்டு பேரை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஜூன் 14-இல் செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் லண்டன் போனார்கள். அவர்களை நடத்தியவர் வில்லியம் கிரிண்ட்கோப். மடத்திலேயே படித்து வளர்ந்தவர், அங்கே அவருக்கு உறவுக்காரத் துறவிகளும் உண்டு. 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டிடமிருந்து, ஊராரின் உரிமைகளைத் தரும்படி மடாதிபதிக்கு ஒரு கடிதம் வாங்கி வந்தார். மறுநாள் சிறையைத் திறந்தார்கள். மடத்தின் பத்திரங்களைச் சந்தைச் சிலுவையடியில் எரித்தார்கள். உயிரோடு ஒரு முயலைப் பிடித்து, ஊருக்கு நடுவில் தண்டனைக் கட்டையில் கட்டிவைத்தார்கள், வேட்டை உரிமை இனி எங்களுக்கும் உண்டு என்று காட்ட.

பிறகு பேச்சறைக்குள் போய்த் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை வெளியே தூக்கிவந்து உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதுபோல் கொடுத்தார்கள் என்று எழுதியிருப்பவர் அதே மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம். மந்திரித்த அப்பம் நற்கருணை அல்ல, அதாவது கிறிஸ்துவின் உடலாகக் கருதி உண்ணும் அப்பம் அல்ல. பங்கு மக்கள், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள், எல்லோரும் ஒரே குடும்பம் என்பதற்கு அடையாளமாக ஆளுக்கொரு துண்டு வாங்கிப்போவது. தங்களிடமிருந்து பறித்ததை மீட்ட நாளில் அவர்கள் கைக்கு வந்த முறை கோயிலில் கற்ற முறை. இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். மடாதிபதி என்னும் நிலப்பிரபுவை அவர்கள் எதிர்த்தார்கள். ஆண்டவரை எதிர்க்கவில்லை, ஆல்பனையும் எதிர்க்கவில்லை. பழைய அரசன் ஆஃபா தந்த பட்டயம் ஒன்று மடத்துக்குள் ஒளிந்திருக்கிறது, அதன் முதலெழுத்துகள் பொன்னிலும் நீலத்திலும் இருக்கும் என்றுகூட நம்பிக் கேட்டார்கள். மடத்தைத் தோற்றுவித்தவன் என்று துறவிகளே கொண்டாடிய அரசன்தான் ஆஃபா!

நாஞ்சில் வாசகர்:

ஏடகம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பல குறிப்புகளில் ஜான் விக்லிஃப்பின் போதனையால்தான் 1381 நடந்தது என்று இருக்கும். தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள். ஜான் பால் 1360களிலேயே பிரசங்கம் செய்து திருச்சபையின் தண்டனைக்கு ஆளானவர். விக்லிஃப் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். கெட்டுப்போன குருமாரின் சொத்தை அரசன் எடுத்துக்கொள்ளலாம் என்றாரே தவிர, பண்ணையடிமைக்கு விடுதலை வேண்டும் என்று கிளர்ச்சிக்கு ஆள் திரட்டவில்லை.

ஜான் பாலின் வாதம் பைபிளின் முதல் பக்கங்களிலிருந்து வருகிறது: ஆதாம் மண்ணைக் கொத்தி, ஏவாள் நூல் நூற்ற நாளில் சீமான் என்று யார் இருந்தார்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கோயில் சுவர் ஓவியங்களிலிருந்து தெரிந்த கதை அது. இன்னொன்று. கூட்டம் லண்டனுக்குள் வந்த ஜூன் 13, நற்கருணைப் பெருவிழா நாள். அதே காலத்தில் விக்லிஃப்போ நற்கருணை அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவதில்லை என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். மறு ஆண்டு, புதிய பேராயர் வில்லியம் கோர்ட்னி லண்டனில் ஆலோசனை மன்றம் கூட்டி விக்லிஃப்பின் கருத்துகளைக் கண்டித்தார். கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது மடங்களுக்கு வசதியாகப் போயிற்று.

முதுகலை மாணவன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம் மீதி. அரசன் எழுச்சியின்போது கொடுத்த விடுதலைப் பட்டயங்களை எல்லாம் ஜூலையிலேயே ரத்து செய்துவிட்டான் என்று படித்தேன். அப்படியென்றால் எழுச்சி தோற்றுத்தானே போயிற்று? பண்ணையடிமை முறை எப்படி ஒழிந்தது?

ஏடகம்:

தோற்றது, தம்பி. கொடூரமாகத் தோற்றது. கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரை ஜூன் 15-இலேயே லண்டனில் ஸ்மித்ஃபீல்டில் வெட்டிவிட்டார்கள். ஜூலையில் அரசன் தலைமை நீதிபதியோடு செயின்ட் ஆல்பன்ஸுக்கே வந்தான். ஊராரைச் சமாதானப்படுத்துவாய் என்று கிரிண்ட்கோப்பை ஜாமீனில் விட்டார்கள். அவரோ, எனக்காகப் பயப்படாதீர்கள், விடுதலைக்காகச் சாவதென்றால் மகிழ்ச்சியாகச் சாவேன், நீங்கள் உறுதியாக நில்லுங்கள் என்று ஊராரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப்போனார். ஜூலை 15-இல் அவரையும் தூக்கிலிட்டார்கள், ஜான் பாலையும் அரசன் முன்னால் அதே ஊரில் கொன்றார்கள். தூக்கில் தொங்கிய தங்கள் ஆட்களை ஊரார் இறக்கி அடக்கம் செய்தார்கள். சில வாரங்களில் அரசாணை வந்தது: அழுகிய உடல்களை ஊராரே தோண்டியெடுத்துச் சங்கிலியில் மீண்டும் தொங்கவிட வேண்டும். செய்தார்கள்.

ஆனால் ஆள் பஞ்சத்தை ஆணை போட்டு மாற்ற முடியவில்லை. அடுத்த நூற்றாண்டு முழுக்க மக்கள்தொகை பழைய நிலைக்கு ஏறவில்லை. ஒரு பண்ணையில் நெருக்கினால் குடியானவன் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த பண்ணைக்குப் போய்விடுவான், அங்கே கேள்வி கேட்காமல் நிலம் கொடுத்தார்கள். அதனால் பிரபுக்கள் கட்டாய உழைப்பை விட்டுப் பணக் குத்தகைக்கு இறங்கினார்கள். பண்ணை நீதிமன்றப் பதிவேட்டின் நகலே குடியானவனின் நில ஆதாரமாயிற்று. மகள் கல்யாணத்துக்குக் கட்டணம், அப்பன் செத்தால் நல்ல மாட்டைப் பிரபுவுக்குக் கொடுப்பது போன்றவை ஊருக்கு ஊர் மெல்ல உதிர்ந்தன. பண்ணையடிமையை ஒழிக்க ஒரே நாளில் எந்தச் சட்டமும் வரவில்லை. அரச நிலங்களில் எஞ்சியிருந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு விடுவிக்க முதலாம் எலிசபெத் ஆணையிட்டது 1574-இல்.

செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் மடத்துக்கு எதிரே 1403-க்கும் 1412-க்கும் இடையில் தங்களுக்கென்று ஒரு மணிக்கூண்டு கட்டிக்கொண்டார்கள், இன்றும் நிற்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-இல், மடம் கலைக்கப்பட்டது. 1553-இல் ஊரார் 400 பவுன் கொடுத்து மடத்துக் கோயிலை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் பங்குக் கோயிலாக வைத்துக்கொள்ள!

விடை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். மேலே சொன்ன ஊர்க் கதையில் பெரும்பகுதி வால்சிங்கம் எழுதியது. அவர் மடத்துக்காரர், கிளர்ச்சிக்காரர்களை மனதார வெறுத்தவர். கிரிண்ட்கோப்பின் பேச்சும் அவர் ஏட்டில் இருப்பதுதான். அதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.